முதல் ரோபோவை வீட்டில் கட்டுவது: சாமான் வாங்குவது முதல் தரையில் ஓட விடுவது வரை

வீட்டில் சின்னதாக ஒரு ரோபோ செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் காணொளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பத்து நிமிடத்தில் ஒருவர் வண்டியைக் கட்டி ஓடவிட்டுவிடுவார். கடையில் எந்தப் பெயர் சொல்லிக் கேட்பது, எவ்வளவு கொடுப்பது, எதை முதலில் வாங்கக் கூடாது, ஓடாமல் நின்றால் எங்கிருந்து தேடுவது என்பதெல்லாம் அதில் இருக்காது. எனக்கு இவை தட்டுத்தடுமாறித்தான் கைவந்தன. எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஒருவர், சென்னையிலோ தமிழ்நாட்டில் வேறு ஊரிலோ இருந்துகொண்டு, அந்த அலைச்சல் இல்லாமல் முதல் ரோபோவை முடிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நாம் கட்டப்போவது இரண்டு மோட்டார் வைத்த ஒரு வண்டி. முன்னால் சுவர் வந்தால் நிற்கும், தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கும், இடம் இருக்கிற பக்கம் திரும்பிப் போகும்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே திரும்பத் திரும்ப வரும். ரோபோ ஓடாவிட்டால் புரோகிராமைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் பேட்டரி, அடுத்து ஒயர், கடைசியில்தான் புரோகிராம். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

1. முதலில் மூளை இல்லாத ஒரு ரோபோ

நேராக ஆர்டுயினோவுக்கு, அதாவது புரோகிராம் ஏற்றி மோட்டார், சென்சாரை ஓட்டும் சின்னப் போர்டுக்கு, போகாதீர்கள். ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, கிறுக்கும் ரோபோ ஒன்று செய்யுங்கள். காகித டம்ளரைக் கவிழ்த்து, சுற்றிலும் மூன்று ஸ்கெட்ச் பேனாவைக் கால் மாதிரி டேப் போட்டு ஒட்டுங்கள். மேலே 3 வோல்ட் பொம்மை மோட்டார். அதன் அச்சில் ரப்பர் துண்டு ஒன்றை நடுவில் குத்தாமல் ஓரமாகக் குத்துங்கள். இரண்டு பென்டார்ச் செல், ஒரு செல் ஹோல்டர், அவ்வளவுதான். பேனா மூடிகளைக் கழற்றிச் சார்ட் பேப்பர் மேல் விட்டால் அதிர்ந்து அதிர்ந்து வட்டமும் கிறுக்கலுமாக வரைந்துகொண்டே போகும். செலவு 100 ரூபாய்க்குள்.

குழந்தை விளையாட்டு என்று இதைத் தாண்டிப் போக வேண்டாம். ஒயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும் என்பதும், தளர்ந்த ஒயர் ஒன்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும் என்பதும், எடை எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப நடை மாறும் என்பதும் இங்கேயே கைக்குத் தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பட்டன் செல் பயன்படுத்தவே வேண்டாம். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

2. பட்டியலும் செலவும்

விலை கடைக்குக் கடை மாறும். கீழே இருப்பது ஏறக்குறைய மதிப்பு, கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்வது என்று தெரிவதற்காக.

- ஆர்டுயினோ ஊனோ ஆர்3, நகல் போர்டு, கேபிளோடு: 450 முதல் 600
- எல்298என் மோட்டார் டிரைவர் (ஊனோ சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டு): 130 முதல் 200
- பிஓ மோட்டார் (மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள் பல்சக்கரம் வைத்த சின்ன மோட்டார்) இரண்டு, சக்கரத்தோடு: 200
- முன்பக்கத்துக்கு ஒரு காஸ்டர் வீல் (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம்): 40
- எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலியால் தூரம் அளப்பது): 70 முதல் 120
- எஸ்ஜி90 செர்வோ மோட்டார் (சொன்ன கோணத்தில் திரும்பி நிற்பது, தலையைத் திருப்ப): 100 முதல் 150
- 18650 லித்தியம் செல் இரண்டு: 300 முதல் 500
- இரண்டு செல் ஹோல்டர், சுவிட்ச்: 60
- 18650 சார்ஜர்: 150 முதல் 300
- எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துக் கொடுப்பது): 50
- ஜம்பர் ஒயர், சின்ன பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் ஒயர் சொருகும் துளைப் பலகை): 150

கூட்டினால் ஏறக்குறைய 1,700 முதல் 2,400 வரை வரும். கருவிகளுக்குத் தனியாக 700 ரூபாய் வையுங்கள்: 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் செட். இது ஒரு தடவைச் செலவுதான், அடுத்த பத்து ரோபோவுக்கும் இதே கருவிகள் போதும்.

மல்டிமீட்டரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பலர் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, பேட்டரி இறங்கியது தெரியாமல் நாள் கணக்கில் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். 250 ரூபாய் மீட்டர் போதும், வோல்ட் அளந்தால் சரி, ஒயர் தொடர்பு இருந்தால் பீப் சத்தம் போட்டால் சரி.

அசல் ஊனோ போர்டு 2,000 ரூபாய்க்கு மேல் போகும். வாங்க முடிந்தால் நல்லது. முதல் போர்டைப் பலரும் ஒயர் மாற்றிக் கொடுத்து எரித்துவிடுகிறார்கள் என்பதால் நகலில் தொடங்கச் சொல்கிறேன்.

எல்லாம் சேர்ந்த கிட் என்று 1,500 ரூபாய்க்கு ஒரு பெட்டி வரும். அதில் பெரும்பாலும் ஒரு 9 வோல்ட் பேட்டரி கிளிப் இருக்கும், நல்ல செல் இருக்காது. தனித்தனியாக வாங்குவதே என் விருப்பம். அக்ரிலிக் தட்டும் கட்டாயமில்லை. பழைய டிஃபன் பாக்ஸ் மூடி, ஃபோம் ஷீட், 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை எதுவும் உடம்பாகும்.

3. எங்கே வாங்குவது, எப்படிக் கேட்பது

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருதான். அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வரும். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். காலை 11 மணிக்கு மேல் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

முன்பக்கம் இருப்பவை பெரும்பாலும் மொபைல், சிசிடிவி, லேப்டாப் கடைகள். ஆர்டுயினோ, சென்சார் விற்கிற கடைகள் உள்ளே சந்துகளிலும் மாடிகளிலும் இருக்கும். ஒரு கடையில் விசாரித்தால் அடுத்த கடையைக் கைகாட்டுவார்கள், தயங்காமல் கேளுங்கள். பட்டியலைத் தாளில் எழுதி எடுத்துப் போய் நீட்டுவது இன்னும் சுலபம். கல்லூரி புராஜெக்ட் மாணவர்கள் தினமும் வந்து போகும் இடம் என்பதால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

கேட்க வேண்டிய விதம் முக்கியம். "மஞ்சள் மோட்டார்" என்றாலும் கொடுப்பார்கள், ஆனால் "பிஓ மோட்டார், 150 ஆர்பிஎம், ரெண்டும் ஒரே மாதிரி" என்று கேளுங்கள். ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. ஒரே உருவத்தில் 60, 100, 150, 200, 300 ஆர்பிஎம் எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று 100, இன்னொன்று 150 என்று வந்துவிட்டால் வண்டி வட்டம்தான் அடிக்கும். இரட்டை அச்சு வேண்டுமா ஒற்றை அச்சா என்று கேட்பார்கள், எது கிடைத்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

ஊனோ வாங்கும்போது கடையிலேயே கேபிளில் சொருகிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விளக்கு நிலையாக எரிந்து, இன்னொரு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது. செர்வோவை வாங்கும்போது கையால் முறுக்கிப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் உடையும்.

பில் கேளுங்கள். சின்னத் தொகைக்குப் பில்லா என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். தேதியும் கடைப் பெயரும் பொருளும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஓடாத போர்டை மறுநாள் மாற்ற அதுதான் சாட்சி. பல கடைகளில் மாற்றித் தருவது ஒன்றிரண்டு நாளைக்குள்தான், சால்டர் வைத்துவிட்டால் மாற்ற மாட்டார்கள். அதனால் வாங்கிய அன்றே வீட்டில் ஒவ்வொன்றையும் சோதித்துவிடுங்கள்.

வெளியூர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கலாம். புனேயின் ரோபு, பெங்களூருவின் ரோபோகிரேஸ் போன்றவை இந்தச் சாமான்களுக்கென்றே இருக்கும் கடைகள். கூரியர் செலவு தனி. லித்தியம் செல்களை விமானத்தில் ஏற்றாமல் தரைவழியாக அனுப்புவார்கள் என்பதால் அவை மற்ற சாமான்களைவிடத் தாமதமாக வரும். செல்லைத் தனி ஆர்டராகப் போட்டுவிட்டால் மற்றவை முன்னால் வந்துவிடும்.

வெளிநாட்டுக் காணொளிகளில் அலிஎக்ஸ்பிரஸ் இணைப்புதான் கொடுப்பார்கள். அந்தச் செயலி 2020 நவம்பர் முதல் இந்தியாவில் தடை. வேறு வழியில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் கூரியர் நிறுவனம் கேஒய்சிக்கு ஆதார் அல்லது பான் கேட்கும், சுங்க வரி சேரும். வைஃபை, புளூடூத் உள்ள போர்டாக இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஒப்புதல் சான்று இல்லையென்று சுங்கத்தில் நிறுத்திவைக்கவும் வாய்ப்புண்டு. 300 ரூபாய்ப் பொருளுக்கு இந்தப் பாடு வேண்டாம், உள்ளூரிலேயே வாங்குங்கள்.

சாமான் வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. டிங்கர்கேட் தளத்தில் கணக்கு இலவசம். அதில் ஊனோ, செர்வோ, அல்ட்ராசோனிக் சென்சார் எல்லாம் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். அங்கே ஒயர் மாற்றிக் கொடுத்தால் படத்தில்தான் புகை.

4. போர்டைத் தனியாக ஓட்டுங்கள்

கணினியில் ஆர்டுயினோ ஐடிஇயை (புரோகிராம் எழுதிப் போர்டில் ஏற்றும் மென்பொருள்) நிறுவுங்கள், இலவசம்தான். போர்டைச் சொருகி, ஊனோ என்று தேர்ந்தெடுத்து, அது சொருகியிருக்கும் யுஎஸ்பி இணைப்பை (போர்ட்) தேர்ந்தெடுத்து, உதாரணங்களில் இருக்கும் பிளிங்க் புரோகிராமை ஏற்றுங்கள். போர்டில் உள்ள சின்ன விளக்கு ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைந்தால் இந்தப் படி முடிந்தது.

போர்ட் பட்டியலில் எதுவுமே தெரியவில்லையா? இரண்டு காரணம்தான் இருக்கும். நகல் போர்டுகளில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருக்கும், அதற்கு டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். அல்லது கையில் இருப்பது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள். விளக்கு எரியும், தகவல் போகாது. பிரிண்டர் கேபிள் வீட்டில் இருந்தால் அதைச் சொருகிப் பாருங்கள், அதே முனைதான்.

5. பற்றவைப்பு (சால்டரிங்)

மோட்டாரின் பின்னால் இரண்டு செம்புத் தகடு இருக்கும். அவை மிக மெல்லியவை, இரண்டு தடவை வளைத்தால் கையோடு வந்துவிடும். வண்டியில் பொருத்துவதற்கு முன்பே சிவப்பும் கறுப்புமாகக் கொஞ்சம் தடித்த ஒயரை அவற்றில் சால்டர் செய்து, மேலே சூட்டுப் பசை வைத்துவிடுங்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் 104 என்று எழுதிய சின்னக் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்து வைத்தால் மோட்டாரின் மின் இரைச்சல் போர்டைக் குழப்பாது. விலை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்தான்.

அயர்ன் முனை 350 டிகிரி வரை போகும். பிள்ளைகள் செய்யும்போது பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. கம்பியில் ஈயம் இருக்கிறது.

6. மின்சாரம்: இங்கேதான் பொறுமை வேண்டும்

முதல் விதி: 9 வோல்ட் சதுர பேட்டரி வேண்டாம். காணொளிகளில் அழகாக இருக்கும். ஒரு பிஓ மோட்டார் சாதாரணமாக ஓடும்போது 150, 200 மில்லி ஆம்பியர் இழுக்கும், தடுக்கி நின்றால் ஒரு ஆம்பியர் பக்கம் போய்விடும். அந்தச் சதுர பேட்டரியால் அவ்வளவு தர முடியாது. மோட்டார் கிளம்பியதும் வோல்ட் சரியும், போர்டு அணைந்து மறுபடி தொடங்கும், மறுபடி சரியும். வண்டி திக்கித் திக்கி நடுங்குவதைப் பார்த்து நீங்கள் புரோகிராமில் தப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

18650 செல் இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையில் சேரும்படி, வையுங்கள். ஒன்றுக்கு 3.7 வோல்ட், இரண்டுக்கும் சேர்த்து 7.4, முழு சார்ஜில் 8.4. எல்298என் டிரைவர் பழைய வகைச் சிப் என்பதால் அதுவே 2 வோல்ட் வரை சாப்பிட்டுவிடும். மிச்சம் ஐந்தரை வோல்ட் போலத்தான் மோட்டாருக்குப் போகும், 6 வோல்ட் பிஓ மோட்டாருக்கு அது சரியான அளவு. நான்கு பென்டார்ச் செல்லில் ஓட்டினால் மோட்டாருக்கு 4 வோல்ட்தான் எட்டும், வண்டி ஊரும்.

செல் வாங்கும்போது ஏமாறாதீர்கள். 18650 அளவில் நல்ல செல்லே 3,500 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் நிற்கும். 9,900 என்று அச்சிட்டு 80 ரூபாய்க்கு விற்பது பொய். நல்ல செல் 45 கிராம் இருக்கும், போலி கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லும் சந்தையில் உண்டு, அனுபவம் வரும்வரை அதைத் தொட வேண்டாம்.

அப்புறம் சார்ஜ். 18650-க்கென்று விற்கும் சார்ஜரில் போடுங்கள். டிபி4056 என்ற சின்ன மாட்யூல் ஒரு செல்லுக்குத்தான், இரண்டைத் தொடராக வைத்து அதில் சார்ஜ் செய்யக் கூடாது. படுக்கை மேல் வைத்து, இரவு முழுக்கச் சொருகிவிட்டுத் தூங்குவது வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தரையில் வைத்து, நீங்கள் விழித்திருக்கும்போது ஏற்றுங்கள். ஒவ்வொரு செல்லும் 3.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் ஓட்டத்தை நிறுத்துங்கள், அதற்கும் கீழே போனால் செல் கெடும். செல்லை வெறுமனே பையிலோ சாவிக்கொத்தோடோ போடாதீர்கள். இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும்.

இனி இணைப்பு. பேட்டரியின் நேர்முனை சுவிட்ச் வழியாக இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எல்298என் போர்டில் 12 வோல்ட் என்று எழுதிய முனைக்கு. இன்னொன்று பக் கன்வெர்ட்டருக்கு. கன்வெர்ட்டரின் வெளிப்பக்கத்தில் மீட்டரை வைத்து, அதன் மேலுள்ள சின்னத் திருகைத் திருப்பி 5.0 வோல்ட் வரவையுங்கள். வந்த பிறகுதான் ஊனோவின் 5 வோல்ட் முனையிலும் செர்வோவிலும் கொடுக்க வேண்டும். புதுக் கன்வெர்ட்டர் எத்தனை வோல்ட்டில் வைத்து வருகிறது என்று சொல்ல முடியாது, அளக்காமல் கொடுத்தால் போர்டு போய்விடும். இந்த இணைப்பில் இருக்கும்போது யுஎஸ்பி கேபிளைச் சொருகுவதானால் முதலில் பேட்டரி சுவிட்சை அணையுங்கள்.

கறுப்பு ஒயர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். பேட்டரி, டிரைவர், கன்வெர்ட்டர், ஊனோ, சென்சார், செர்வோ, எல்லாவற்றின் கிரவுண்டும் (எதிர்முனை). ஒன்று விடுபட்டாலும் வண்டி பேய் பிடித்தது போல நடந்துகொள்ளும். ஒருநாள் ஓடும், மறுநாள் ஓடாது. உதவி கேட்டு வருகிறவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எல்298என் போர்டில் நேர், எதிர் மாற்றிக் கொடுத்தால் காப்பாற்ற எதுவும் இல்லை. சுவிட்சைப் போடுவதற்கு முன் ஒரு தடவை மீட்டரால் பாருங்கள்.

7. மோட்டாரும் டிரைவரும்

இடது மோட்டார் அவுட்1, அவுட்2 முனைகளில், வலது மோட்டார் அவுட்3, அவுட்4 முனைகளில். இஎன்ஏ, இஎன்பி என்ற இரண்டு இடத்திலும் சின்ன ஜம்பர் மூடி இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்த அந்த ஜம்பர்களைக் கழற்றி, அங்கிருந்து ஊனோவின் 5, 6 பின்களுக்கு (ஒயர் சொருகும் எண்ணிட்ட துளைகள்) ஒயர் கொடுங்கள். ஐஎன்1 முதல் ஐஎன்4 வரை 2, 4, 7, 8 பின்களில்.

5, 6 என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊனோவில் வேகம் கட்டுப்படுத்த உதவும் பின்கள் 3, 5, 6, 9, 10, 11. செர்வோவை ஓட்டும் ஆயத்த நிரலான செர்வோ லைப்ரரியைச் சேர்த்த உடனே 9, 10 இரண்டும் அந்த வேலையை நிறுத்திவிடும், இந்தப் பின்களும் செர்வோவும் ஒரே டைமரைப் பயன்படுத்துகின்றன. பஸ்ஸர் வைத்து ஒலி எழுப்பினால் 3, 11 பாதிக்கப்படும். மோட்டாரை 9, 10-இல் கொடுத்தவர்களுக்குச் செர்வோ சேர்க்கும்வரை வண்டி அருமையாக ஓடும், சேர்த்த அன்று ஒழுங்காக ஓடாது. காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் நாள் கணக்கில் தேட வைக்கும் பொறி இது.

வண்டியை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்து, சக்கரம் தரையில் படாமல் சோதியுங்கள். இரண்டும் முன்னால், இரண்டும் பின்னால், ஒன்று மட்டும். ஒரு சக்கரம் எதிராகச் சுற்றினால் அந்த மோட்டாரின் இரண்டு ஒயரையும் டிரைவர் முனையில் மாற்றிப் போட்டால் முடிந்தது. வேக அளவு 0 முதல் 255 வரை. 100-க்குக் கீழே கொடுத்தால் பெரும்பாலும் மோட்டார் முனகும், சக்கரம் நகராது. அது பழுதில்லை.

8. கண்ணும் கழுத்தும்

எச்சி-எஸ்ஆர்04 சென்சாரின் இரண்டு உருளையில் ஒன்று காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைக் கேட்கும். டிரிகர் முனையை 10 மைக்ரோ நொடி உயர்த்தி இறக்கினால், எக்கோ முனை எவ்வளவு நேரம் உயர்ந்திருந்தது என்று பார்த்து, அந்த மைக்ரோ நொடியை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும். 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை என்பது அதன் எல்லை. டிரிகரை ஏ0, எக்கோவை ஏ1 பின்னில் கொடுங்கள்.

நேரம் அளக்கும் பல்ஸ்இன் கட்டளை, எதிரொலி வராவிட்டால் ஒரு முழு நொடி வரை காத்திருக்கக்கூடும். அந்த நேரம் முழுக்க வண்டி கண்மூடி ஓடுகிறது. அதனால் 25,000 மைக்ரோ நொடி என்று எல்லை கொடுங்கள், 4 மீட்டருக்கு அது போதும். இன்னொன்று, எதிரொலி வராதபோது விடை பூஜ்யம் என்று வரும். அதைப் பூஜ்யம் சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் வெட்டவெளியில் வண்டி பயந்து பின்வாங்கும். பூஜ்யம் வந்தால் தூரம் அதிகம் என்று எழுதுங்கள். அடுத்தடுத்த அளவுகளுக்கு நடுவில் 60 மில்லி நொடி இடைவெளி விடுங்கள், பழைய எதிரொலி புதியதோடு கலக்காது.

திரைச்சீலை, தலையணை, சோபா மெத்தை ஒலியை விழுங்கிவிடும். சாய்ந்த பலகை ஒலியை வேறு பக்கம் தள்ளிவிடும். இவற்றில் வண்டி மோதத்தான் செய்யும், சென்சாரை மாற்றிப் பயனில்லை. முதல் ஓட்டத்தைச் சுவர் இருக்கும் வெற்று அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செர்வோவின் சிக்னல் ஒயரை 10-ஆம் பின்னில் கொடுத்து, முதலில் 90 டிகிரிக்கு அனுப்பிவிட்டு, அது நின்ற இடத்தில் சென்சார் நேராகப் பார்க்கும்படி செர்வோவின் மேலே மாட்டும் சின்னப் பிளாஸ்டிக் கையைப் பொருத்துங்கள். கையை முதலில் மாட்டிவிட்டால் தலை ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். செர்வோவுக்கு வரும் 5 வோல்ட் ஒயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள், நீளமான கால் நேர்முனைக்கு.

9. புரோகிராமின் போக்கு

முன்னால் 25 சென்டிமீட்டருக்கு மேல் இடம் இருந்தால் போ. இல்லையென்றால் நில், தலையை வலப்பக்கம் திருப்பி அள, இடப்பக்கம் திருப்பி அள, எது அதிகமோ அந்தப் பக்கம் திரும்பு. இரண்டுமே 25-க்குக் கீழே என்றால் பின்னால் வந்து மறுபடி பார். இவ்வளவுதான்.

முழுப் புரோகிராமை எங்கிருந்தோ எடுத்து ஒட்டாதீர்கள். அதில் உள்ள பின் எண்கள் உங்கள் வண்டியில் இருக்காது. மோட்டாருக்கு ஒன்று, சென்சாருக்கு ஒன்று, செர்வோவுக்கு ஒன்று என மூன்று சின்னப் புரோகிராம் எழுதி, மூன்றும் தனித்தனியாக ஓடியதைப் பார்த்த பிறகு ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பின் ஏதாவது நின்றால், எது தனியாக ஓடியது என்பது உங்களுக்குத் தெரியும். அளவு குதித்துக் குதித்து வந்தால் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

10. தரையில் விடுதல்

நேராகப் போகாது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு பிஓ மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடாது. வேகமாக இருக்கும் பக்கத்தின் எண்ணைப் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது ஒரு மாதிரி, இறங்கும்போது ஒரு மாதிரி இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பேட்டரியின் எடை இரண்டு சக்கரத்துக்கு மேலே வரட்டும், முன்னால் போனால் சக்கரம் வழுக்கும். காஸ்டர் வீலில் தலைமுடி சுற்றும், அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

சாமான் கையில் இருந்தால் இதுவரை வர இரண்டு, மூன்று வார இறுதிகள் போதும். ஒரே நாளில் முடிக்க உட்காராதீர்கள். சோர்ந்த கையில்தான் ஒயர் மாறும்.

11. இனி விளையாட்டு

எனக்கு இந்தப் பகுதிதான் உயிர். ஓடும் வண்டிக்கு அட்டையில் ஆமை ஓடு போடலாம், சிரட்டையில் முகம் செய்யலாம், காகிதக் கூழில் தலை செய்து செர்வோவில் மாட்டினால் தஞ்சாவூர் பொம்மை போல ஆட்டிக்கொண்டே போகும். எஸ்ஜி90 சின்ன மோட்டார், தலை லேசாக இருக்கட்டும். சென்சாரின் இரண்டு கண்ணையும் மட்டும் மூடாதீர்கள், ஓரத்தில் ஒரு காகிதம் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதையே சுவர் என்று நினைத்து நின்றுவிடும்.

மொபைலில் ஓட்ட எச்சி-05 புளூடூத் மாட்யூல், 250 முதல் 350 ரூபாய். ஆண்ட்ராய்டில் வேலை செய்யும், ஐபோனில் செய்யாது, வீட்டில் எது இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஜோடி சேர்க்க 1234 அல்லது 0000. அதை 0, 1 பின்களில் கொடுத்தால் புரோகிராம் ஏறாது, ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும். சாஃப்ட்வேர் சீரியல் லைப்ரரியோடு 11, 12-இல் கொடுங்கள். மாட்யூலின் தகவல் வாங்கும் ஆர்எக்ஸ் முனை 3.3 வோல்ட் வகை, ஊனோவுக்கும் அதற்கும் நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து வோல்ட்டைக் குறையுங்கள்.

கோலம் போடும் ரோபோ செய்ய ஆசை வரும், எல்லோருக்கும் வரும். பிஓ மோட்டாரில் அது நடக்காது. எவ்வளவு சுற்றினோம் என்பது அதற்கே தெரியாது. 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர் மோட்டார் இரண்டு வாங்குங்கள், யுஎல்என்2003 டிரைவரோடு ஒன்று 150 ரூபாய் பக்கம் வரும். ஒரு சுற்றுக்கு 2,048 படி, எண்ணி எண்ணி நகரும். பேனாவை இரண்டு சக்கரத்துக்கும் சரியாக நடுவில் குத்துங்கள், அப்போதுதான் நின்ற இடத்தில் திரும்பும்போது புள்ளி கோடாக இழுபடாது. மெதுவாகத்தான் போகும், ஆனால் சதுரம் சதுரமாக வரும்.

12. பள்ளி, போட்டி, பயணம்: கையில் வைக்க வேண்டியவை

பிள்ளையின் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்று கேளுங்கள். நிதி ஆயோக்கின் திட்டத்தில் 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்காக அமைத்தவை அவை. சால்டரிங் அயர்ன், 3டி பிரிண்டர் அங்கேயே இருக்கும், செலவு மிச்சம்.

போட்டிக்குப் போவதானால் பதிவு செய்யும் முன் விதிகளைப் படியுங்கள். வண்டியின் நீள அகலம், எடை, பேட்டரியின் அதிகபட்ச வோல்ட் மூன்றுக்கும் பெரும்பாலும் வரம்பு இருக்கும். முழு சார்ஜில் உங்கள் பேட்டரி 8.4 வோல்ட் காட்டும் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். அடையாள அட்டை, பள்ளி அல்லது கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கேட்பார்கள். போனஃபைட் கைக்கு வர அலுவலகத்தில் சில நாள் ஆகலாம், கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். அன்றைக்கு உபரியாக ஒரு ஜோடி செல், ஒரு மோட்டார், ஒரு எல்298என், ஜம்பர் ஒயர், மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள்.

மெட்ரோவிலும் விமான நிலையத்திலும் ஒயரும் பேட்டரியுமாக ஒரு பெட்டி ஸ்கேனரில் தெரிந்தால் கட்டாயம் திறக்கச் சொல்வார்கள். செல்லைக் கழற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வையுங்கள், முனைகளில் டேப் ஒட்டுங்கள், வாங்கிய பில்லும் போட்டி அழைப்பும் மேலாக இருக்கட்டும். விமானத்தில் உபரி லித்தியம் செல்கள் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 2,600 மில்லி ஆம்பியர் மணி செல் ஒன்று 10 வாட் மணிக்கும் குறைவு, 100 என்ற வரம்புக்கு வெகு கீழே. சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல் மூன்றும் செக்-இன் பெட்டியில் போகட்டும்.